மகளின் லாரியும் அப்பாவின் பைக்கும்

கேள்வி:

எங்கள் வீட்டில் பழைய பிஎஸ்3 விளையாட்டுப் பெட்டி ஒன்று இருக்கிறது. மைத்துனர் வெளிநாடு போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. கூடவே ‘மோட்டார்ஸ்டார்ம்: பசிபிக் ரிஃப்ட்’ என்ற ரேஸ் விளையாட்டின் டிஸ்க்கும் வந்தது. எனக்கு வயது 44, மகளுக்கு 13. ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவி திரையை இரண்டாகப் பிரித்துக்கொண்டு இருவரும் ஆடுவோம். நான் எப்போதும் பைக்தான் எடுப்பேன். இருக்கிற வண்டிகளில் அதுதானே இலகு, அதுதானே சீறிக்கொண்டு கிளம்புகிறது? மகள் எப்போதும் பெரிய லாரி. ஆனால் பத்து ரேஸில் எட்டு அவள்தான் ஜெயிக்கிறாள். நான் சேற்றில் சறுக்குவேன், இல்லாவிட்டால் எவனாவது நசுக்கிவிடுவான். இரண்டும் நடக்காவிட்டால் வேகம் கூட்டும் பூஸ்ட் பட்டனை அழுத்தி அழுத்தி வண்டியே வெடித்துவிடும். எந்த வண்டி எடுத்தால் ஜெயிக்கலாம்? கம்ப்யூட்டர் ஓட்டும் வண்டிகள் எங்கோ பின்னால் கிடந்துவிட்டுத் திடீரென்று பக்கத்தில் வந்து நிற்கின்றனவே, அது கள்ளாட்டம் இல்லையா? பைக்கும் லாரியும் ஒரே ரேஸில் ஓடுவது நிஜத்தில் உண்டா?

– மன்னார்குடியிலிருந்து ஒரு அப்பா

பதில்:

லாரியைவிட பைக் வேகம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் உங்கள் கடிதத்தை நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். தோற்றதற்குச் சொல்லியிருக்கும் காரணங்களில் வேகம் எங்கேயாவது வருகிறதா? சறுக்கினேன், நசுங்கினேன், வெடித்தேன். அவ்வளவுதான். இந்த விளையாட்டில் ஒருமுறை விழுந்தால், சிதறும் காட்சியைக் காட்டி, வண்டியை மறுபடி பாதையில் வைத்து, நீங்கள் வேகம் பிடிப்பதற்குள் நாலைந்து வண்டி முன்னே போய்விடும். ஒரு ரேஸில் ஐந்து தடவை விழுகிறவருக்கு எந்த எஞ்சினும் உதவாது. லாரியில் போகிறவள் அவ்வளவு எளிதில் விழுவதில்லை. வித்தியாசத்தில் பாதி அங்கேயே முடிந்துவிட்டது.

மீதிப் பாதி தரையில் இருக்கிறது. அதைத்தான் விரிவாகச் சொல்லவேண்டும்.

மோட்டார்ஸ்டார்ம் வரிசையைச் செய்தது இங்கிலாந்தில் ரன்கார்ன் என்ற ஊரிலிருந்த எவல்யூஷன் ஸ்டூடியோஸ். முதல் விளையாட்டு 2006 டிசம்பரில் ஜப்பானிலும் 2007 மார்ச்சில் மற்ற நாடுகளிலும் வந்தது. அமெரிக்காவின் மான்யுமென்ட் வேலி, அந்தச் செம்மண் பாறைத் தூண்கள் நிற்கிற பாலைவனம்தான் அதன் களம். உங்களிடம் இருப்பது 2008இல் வந்த இரண்டாவது. பசிபிக் கடலில் எரிமலைத் தீவு ஒன்றைக் கற்பனை செய்து அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். தீவை நிலம், காற்று, நெருப்பு, நீர் என்று நான்கு பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஐம்பூதத்தில் ஆகாயத்தைக் காணோமே என்று தேடவேண்டாம், உங்கள் பைக் மலையுச்சியிலிருந்து பறக்கும்போது அது தானாகக் கிடைத்துவிடுகிறது.

எட்டு வகை வண்டிகள் உண்டு: பைக், நான்கு சக்கர ஏடிவி, பக்கி, ராலி கார், ரேஸிங் டிரக், மட்பிளக்கர் என்ற சேற்று ஜீப், பிக் ரிக் என்ற பெரிய லாரி, கடைசியாக ஆளுயரச் சக்கரம் வைத்த மான்ஸ்டர் டிரக். எட்டும் ஒரே நேரத்தில் ஒரே கோட்டிலிருந்து கிளம்பும். ஆனால் ஒரே வழியில் போகவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இதில்தான் இருக்கிறது சூட்சுமம். ஒவ்வொரு பாதையும் ஓடிக்கொண்டே இரண்டாக, மூன்றாகப் பிரிந்து பிறகு சேரும். கீழே அகலமாக, சேறும் தண்ணீருமாக ஒரு வழி. மேலே பாறையை ஒட்டி ஆள் நடக்கிற அகலத்தில் ஒரு வழி. நடுவில் கெட்டித் தரையாக இன்னொன்று. கீழ்வழி லாரிக்கும் சேற்று ஜீப்புக்கும், மேல்வழி பைக்குக்கும் ஏடிவிக்கும், நடுவழி ராலி காருக்கு. எழுதி ஒட்டியிருக்க மாட்டார்கள், நாமாகப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

என் ஊகம் இது: நீங்கள் பைக்கை எடுத்துக்கொண்டு லாரியின் வழியில் போகிறீர்கள். எல்லோரும் போகிற பக்கம் கைப்பிடி தானாகத் திரும்பிவிடும். கூட்டத்தின் பின்னால் போவது மனித இயல்பு. ஆனால் அந்தக் கூட்டத்தில் உங்களைத் தவிர மற்ற எல்லோருக்கும் தகரம் போர்த்தியிருக்கிறது.

மன்னார்குடிக்காரருக்குச் சேற்றைப் பற்றி நான் சொல்லித் தரவேண்டியதில்லை. நடவுக்கு முன்பு டிராக்டர் சேறடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரப்பர் டயரோடு இரும்புக் கேஜ் வீலையும் மாட்டிக்கொண்டு உள்ளே இறங்கும். அகலமான சக்கரம் சேற்றின்மேல் எடையைப் பரப்புகிறது. பட்டைகள் சேற்றைத் தள்ளிப் பிடிப்பு கொடுக்கின்றன. அதே வயலில் ஒரு டிவிஎஸ் 50ஐ இறக்கிப் பாருங்கள். தரையைத் தொடுவது இரண்டு உள்ளங்கை அளவு ரப்பர்தான். பின்சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றிக் குழி பறிக்கும், முன்சக்கரம் இஷ்டத்துக்குத் திரும்பும். விளையாட்டின் கணக்கும் ஏறக்குறைய இதுதான். பெரிய சக்கரம் குழிக்குள் விழாமல் அதன்மேல் உருண்டு போகிறது, கனத்த வண்டிக்கு வந்த வேகம் சீக்கிரம் தணிவதில்லை. செடி கொடிகளும் அப்படித்தான். லாரி புதரைச் சவட்டிக்கொண்டு போகும், பைக் சிக்கிக்கொள்ளும். (நிஜத்தில் லாரியும் சேற்றில் அச்சுவரை புதையும். அந்த விஷயத்தில் விளையாட்டு லாரிக்குக் கொஞ்சம் சலுகை காட்டியிருக்கிறது. காட்டாவிட்டால் யார் லாரி எடுப்பார்கள்?)

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தச் சேறு வெறும் ஓவியம் இல்லை. வண்டி போன தடம் அதில் பதிந்து அப்படியே நிற்கும். முதல் சுற்றில் தோசை மாவு மாதிரி வழவழவென்று இருந்த இடம் மூன்றாவது சுற்றில் உழுத வயலாகிவிடும். எல்லா வண்டியும் இரண்டு தடவை மிதித்த தரை அது. முதல் சுற்றில் பைக்கால் எப்படியோ தாண்டிவிட்ட இடத்தில் மூன்றாம் சுற்றில் முன்சக்கரம் வண்டித்தடத்துக்குள் இறங்கினால் வெளியே வராது. ‘போன சுற்றில் சரியாகத்தானே போனேன்’ என்று நீங்கள் திகைத்திருப்பீர்கள். நீங்கள் அதேபோலத்தான் ஓட்டினீர்கள், தரை மாறிவிட்டது.

ஆகவே பைக்கை விடவேண்டாம், வழியை மாற்றுங்கள். ஒரு பாதையைத் தேர்ந்தெடுத்து ஜெயிக்கும் எண்ணமே இல்லாமல் தனியாக ஓட்டிப் பாருங்கள். பிரிவு வரும் இடத்திலெல்லாம் மேலே ஏறும் வழி எங்கே தொடங்குகிறது என்று மட்டும் பாருங்கள். பெரும்பாலும் அது ஒரு சின்ன மேடு, ஒரு பலகை, பாறைச் சரிவில் தேய்ந்த தடம். கூட்டத்தில் போகும்போது முன்னால் தெறிக்கும் சேறும் புழுதியும் அதை மறைத்துவிடும். நான் முதல்முறை ஆடியபோது ஒரு பாதையில் மேல்வழி இருப்பதே ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, அதுவும் கம்ப்யூட்டர் பைக் ஒன்று என் தலைக்குமேல் பறந்துபோனதைப் பார்த்த பிறகு. மேல்வழியில் உங்களை நசுக்க ஆளில்லை. பள்ளம்தான் எதிரி. தாவும் இடத்தில் வண்டி நேராக இருக்கும்போதே கிளம்புங்கள். திரும்பிக்கொண்டே தாவினால் ஆகாயத்தில் ஒன்றும் செய்யமுடியாது. இறங்கும் இடம் சரிவாக இருந்தால் சரிவின் போக்கிலேயே சக்கரம் படட்டும். முன்சக்கரம் குத்தினால் கதை முடிந்தது.

கீழ்வழியைத் தவிர்க்கவே முடியாத இடங்கள் உண்டு. அங்கே லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள், பக்கத்தில் கண்டிப்பாகப் போகாதீர்கள். இரண்டு வண்டி நீளம் தள்ளி, ஓரமாக, இன்னும் யாரும் மிதிக்காத சேற்றைப் பார்த்துப் போங்கள்.

பூஸ்ட் விஷயம் எளிது. அது எரிபொருள் இல்லை, சூடு. அழுத்த அழுத்த முள் ஏறும், சிவப்பைத் தாண்டினால் வெடிக்கும், விட்டால் தானாக ஆறும். நுனிவரை கொண்டுபோய் விடுவதில் தைரியம் காட்டுகிறவர்கள்தான் வெடிக்கிறார்கள். முக்கால்வாசியில் விட்டுவிட்டு, கொஞ்சம் ஆறியதும் மறுபடி அழுத்துங்கள். பசிபிக் ரிஃப்ட்டில் அழகான ஏற்பாடு ஒன்று உண்டு: தண்ணீரில் இறங்கினால் எஞ்சின் சீக்கிரம் குளிரும், எரிமலைக் குழம்பு பக்கம் போனால் சீக்கிரம் கொதிக்கும். அருவியோ ஓடையோ வருகிறது என்று தெரிந்தால் அதற்கு முன்னால் தாராளமாகச் செலவழிக்கலாம். தண்ணீர் ஆழமாக இருந்தால் பைக் தடுமாறும், ஆகவே ஓரத்தில் நனைந்தால் போதும். கடைசி நூறு மீட்டரில் மட்டும் எந்தக் கணக்கும் வேண்டாம். கோட்டைத் தாண்டும் நேரத்தில் வெடித்து உருண்டு போனாலும் முடித்ததாகவே எடுத்துக்கொள்ளும். அப்படி ஜெயித்தால் வருகிற சந்தோஷமே வேறு.

கம்ப்யூட்டர் கள்ளாட்டம் ஆடுகிறதா? ஆடுகிறது. ரேஸ் விளையாட்டு செய்கிறவர்கள் இதை ‘ரப்பர் பேண்ட்’ என்பார்கள். நீங்கள் வெகுதூரம் முன்னே போனால் பின்னால் இருக்கிறவர்களின் வேகத்தை இயந்திரம் ரகசியமாகக் கூட்டும். நீங்கள் பின்தங்கினால் அவர்களைச் சற்றுத் தளர்த்தும். தன்னந்தனியாக முன்னால் போகிறவனுக்கு அலுத்துவிடும், பின்னால் கிடப்பவன் டிவியை அணைத்துவிடுவான். இரண்டையும் தவிர்க்கச் செய்த ஏற்பாடு. எனக்கு இது பிடிக்காது. கஷ்டப்பட்டுச் சேர்த்த பத்து வினாடியை யாரோ பாக்கெட்டிலிருந்து எடுத்துப் போன மாதிரி இருக்கும். ஆனால் தெரிந்துகொண்டால் பயன்படுத்தலாம். முதல் சுற்றிலேயே முதலிடத்துக்குப் போய் ஒரு பிரயோசனமும் இல்லை. மூன்றாவது, நான்காவது இடத்தில், கூட்டத்தின் இடிபாடுகளுக்குச் சற்று வெளியே இருந்துகொண்டு, கடைசி அரைச்சுற்றில் கிளம்புங்கள். உங்கள் மகளின் லாரி மெதுவாகத்தான் கிளம்புகிறது இல்லையா? தெரிந்தோ தெரியாமலோ அவள் செய்வது இதுதான்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

மெக்சிகோவின் மேற்கில் பாஹா கலிஃபோர்னியா என்று ஒரு நீண்ட தீபகற்பம் இருக்கிறது. கள்ளிச்செடி, பாறை, மணல், ஆங்காங்கே சதுப்பு. வடக்கே டிஹுவானாவிலிருந்து தெற்கே லா பாஸ் வரை அதைக் கடப்பதற்கு 1962இல் மோட்டார் சைக்கிள்காரர்கள் சாதனை ஒன்று வைத்தார்கள்: 39 மணி 56 நிமிடம். உங்களைப் போலவே அந்தக் காலத்தில் எல்லோரும் அந்தத் தரைக்கு பைக்தான் வேகம் என்று நம்பினார்கள். புரூஸ் மேயர்ஸ் என்ற படகு கட்டும் கலைஞர், ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் எஞ்சினை எடுத்து ஃபைபர்கிளாஸ் கூட்டில் பொருத்தி, ‘மேயர்ஸ் மேங்ஸ்’ என்று ஒரு பக்கி செய்திருந்தார். 1967இல் அதில் நண்பரோடு கிளம்பி 34 மணி 45 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தார். ஐந்து மணி நேரத்துக்கும் மேல் குறைத்துவிட்டார். அந்தச் செய்தி பரவியதும் அதே ஆண்டு முறையான பந்தயமே தொடங்கியது. அதிலும் மேயர்ஸ் மேங்ஸ்தான் முதலில் வந்தது, 27 மணி 38 நிமிடத்தில். இன்று பாஹா 1000 என்று உலகம் அறிந்த பந்தயம் அது. பைக், பக்கி, டிரக் எல்லாம் இன்றும் அங்கே ஒரே தடத்தில் ஓடுகின்றன. பைக்குகளை மட்டும் முன்கூட்டியே அனுப்பிவிடுவார்கள். உங்களை நசுக்குகிற அந்த விஷயத்துக்காகத்தான்.

இதைப் படித்துவிட்டு பைக்கைக் கைகழுவிவிடாதீர்கள். பாரிஸ்–டக்கார் பந்தயம் முதன்முதலில் 1978 டிசம்பர் 26ஆம் தேதி பாரிஸிலிருந்து கிளம்பியது. 182 வண்டிகள் கிளம்பி, சஹாராவைக் கடந்து, செனகலின் தலைநகர் டக்காருக்குப் போய்ச் சேர்ந்தவை 74. அந்த முதல் வருடம் மட்டும் பைக், கார், லாரி என்று பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் வைத்தார்கள். ஏறக்குறைய உங்கள் மோட்டார்ஸ்டார்மேதான். ஜெயித்தது சிரில் நெவ்யூ என்ற பிரெஞ்சு இளைஞர், யமஹா 500 சிசி பைக்கில். இரண்டாவது, மூன்றாவது இடங்களும் பைக்குக்கே. முதல் கார் நான்காவதாகத்தான் வந்தது. அடுத்த வருடத்திலிருந்து தனித்தனிப் பிரிவாகப் பிரித்துவிட்டார்கள்.

உங்கள் மகளுக்கு 1988 டக்கார் கதையைச் சொல்லுங்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த யான் டெ ரோய் ஒரு டாஃப் லாரியில் இரண்டு எஞ்சின்களை ஏற்றி, ஆயிரம் குதிரைத்திறனுக்கும் மேல் கொடுக்கிற பூதமாக்கி ஓட்டினார். பாலைவனத்தின் சமதளத்தில் அந்த லாரி, அன்றைய ராலி நட்சத்திரம் ஆரி வாட்டனென் ஓட்டிய பீஜோ காரை மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் முந்திப் போனதைப் படம் பிடித்திருக்கிறார்கள். பார்த்தால் நம்பமாட்டீர்கள். வீடு ஒன்று காரை முந்துவது போலிருக்கும். ஆனால் அதே பந்தயத்தில் அந்த அணியின் இன்னொரு லாரி அதிவேகத்தில் கவிழ்ந்து உள்ளே இருந்தவர்களில் ஒருவர் இறந்துபோனார். அணி பந்தயத்திலிருந்து விலகியது, அடுத்த வருட டக்காரில் லாரிப் பிரிவே இல்லை. பிறகு திரும்ப வந்த லாரிகளுக்கு வேக வரம்பு வைத்துவிட்டார்கள். திரையில் வெடித்துவிட்டு மூன்று வினாடியில் திரும்ப வருகிறோமே, அது எவ்வளவு பெரிய சலுகை என்பதை அந்தப் படம் பார்க்கும்போது நினைத்துக்கொள்வேன்.

டக்கார் இப்போது 2020 முதல் சவூதி அரேபியாவில் நடக்கிறது. 2024இல் அதன் ராலி2 பைக் பிரிவில் முதலிடம் பெற்றவர் கேரளத்தைச் சேர்ந்த ஹரித் நோவா. அவர் ஓட்டியது பிரான்ஸின் ஷெர்கோவும் நம் ஓசூர் டிவிஎஸ்ஸும் சேர்ந்து நடத்திய அணிக்காக. மேலே நான் வயலில் இறக்கச் சொன்ன டிவிஎஸ் 50இன் குடும்பம்தான்.

அடுத்து என்ன வாங்கலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். மோட்டார்ஸ்டார்ம் செய்த எவல்யூஷன் ஸ்டூடியோஸை சோனி 2016இல் மூடிவிட்டது. அங்கிருந்தவர்களில் பலர் கோட்மாஸ்டர்ஸ் நிறுவனத்துக்குப் போய் 2020இல் ‘டர்ட் 5’ செய்தார்கள். திரையை நான்காகப் பிரித்து ஆடலாம், குடும்பத்துக்கு ஏற்றது. ஆனால் அதில் பைக் கிடையாது. 2022இல் வந்த ‘டக்கார் டெசர்ட் ராலி’யில் பைக்கிலிருந்து லாரிவரை எல்லாம் உண்டு, ஆனால் அது வழி தேடிப் போகிற விளையாட்டு. ரோடுபுக் என்ற வழிக்குறிப்பேட்டைப் பார்த்து மணலில் தனியாகத் திண்டாடுவதில் சுகம் காண்கிறவர்களுக்குச் சரி, ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குச் சரிவராது. அப்பாவும் மகளும் ஒரே சோபாவில் உட்கார்ந்து ஒருவர் வண்டியை ஒருவர் இடிப்பதற்கு உங்களிடம் இருப்பதே போதும்.

அடுத்த வாரம் வண்டியை மாற்றிக்கொள்ளுங்கள். லாரி உங்களுக்கு, பைக் அவளுக்கு. லாரியின் உயரத்திலிருந்து பார்க்கும்போதுதான் எந்த இடத்தில் பைக்குகள் வந்து மாட்டுகின்றன என்பது உங்களுக்குத் தெரியும். முதல் அரை மணி நேரம் அவள் தோற்பாள், அதற்குள் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள்.

ஒரு விஷயம். பிஎஸ்3 டிஸ்க் பிஎஸ்4இலும் ஓடாது, பிஎஸ்5இலும் ஓடாது. ஆகவே அந்தப் பழைய பெட்டியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். டிவி ஸ்டாண்டின் மூடிய அறைக்குள் வைக்காதீர்கள், காற்றுத் துளைகளில் சேரும் தூசியை மாதம் ஒருமுறை பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். அதற்கும் சூடு ஏறினால் ஆகாது.